மாத்திரையா, மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியா? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பற்றி ஓர் அக்காவுக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியும். தங்கைக்குத் தலைப்பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை. 10 வாரம் ஆகிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாமல் அழுகிறாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. "இந்தப் பிள்ளைக்கு நான் லாயக்கில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பாலில் மருந்து இறங்கிவிடும் என்று அம்மா அதைப் போடவிடவில்லை. உறவினர் ஒருவர், மனதில் நடப்பதைச் சண்டை போடாமல் கவனிக்கப் பழக்குகிற 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் தெரபி வகுப்பைச் சொல்லியிருக்கிறார். மாத்திரை இல்லாமல் இது மட்டும் போதுமா என்று கேட்கிறீர்கள்.

நான் உளவியல் ஆலோசகர். பிரசவித்த பெண்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன், இந்தப் பயிற்சியை அவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். இதன் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. அப்படியிருந்தும் சொல்கிறேன்: உங்கள் தங்கை இப்போது இருக்கிற நிலையில் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டர் சொன்ன சிகிச்சை முதலில் நடக்கட்டும், பயிற்சி அதோடு சேர்ந்து வரட்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இன்றைக்கே அவளிடம் தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? உன்னையோ பாப்பாவையோ ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைப்பு வருதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டதும் அழுதுவிட்டு, "யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்று சொன்ன பெண்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடு ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை 14416 எண்ணில் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

இன்னொரு நிலை இருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல் நடமாடுவது, பேச்சு கோர்வையில்லாமல் போவது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வது, காதில் குரல் கேட்பது. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. 1000 பிரசவத்தில் ஒருவர், இருவருக்கு வரும், பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள். பேய் பிடித்தது, காத்து கருப்பு என்று கோயிலுக்கும் மந்திரிக்கவும் கூட்டிப் போய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. இது அவசர நிலை, உடனே ஆஸ்பத்திரி. தியானமோ மைண்ட்ஃபுல்னெஸோ அப்போது கூடவே கூடாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொன்றும் இருக்கிறது. குழந்தையை மாடிப்படியில் தூக்கிப் போகும்போது "கை நழுவிட்டா?" என்று படம் போல ஓர் எண்ணம் ஓடும். கத்தியைப் பார்த்தால் கை நடுங்கும். அந்த எண்ணமே அவளைப் பதற வைக்கும், யாரிடமும் சொல்ல மாட்டாள், சொன்னால் பைத்தியம் என்று குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படுவாள். புதுத் தாய்மார்களில் மிகப் பலருக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் வந்து போகின்றன. எண்ணத்தைக் கண்டு அவள் நடுங்குகிறாள் என்பதே அவளுக்கு அதில் விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவள் உங்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மனச்சோர்வுக்கு வருவோம். பிரசவம் ஆன மூன்றாம், நான்காம் நாளில் பால் கட்டும்போது கூடவே ஓர் அழுகை வரும். அது பெரும்பாலான தாய்மார்களுக்கு வருவது, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்கள் தங்கைக்கு 10 வாரம் ஆகியும் அடங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, தன்னைப் பற்றிய நினைப்பே கசந்துவிட்டது. இது அந்த அழுகை இல்லை. "நாங்கெல்லாம் ஆறு பெத்து வளர்க்கலையா" என்று யாராவது சொன்னால், அந்த ஆறு பெற்றவர்களிலும் பலர் இதை அனுபவித்து, பெயர் தெரியாமல் கடந்தார்கள் என்று சொல்லுங்கள். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஐந்தில் ஒருத்தி.

நம் பக்கத்து ஆய்வே ஒன்று இருக்கிறது. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வு, 2002-ல் வெளியானது. 11 சதவீதப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் வருமானம் குறைந்த வீடு, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இதில் பெரும் பகுதி அந்தப் பெண்ணின் மண்டைக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் என்ன? மனநிறைவு, விழிப்புணர்வு, நினைவாற்றல் என்று தமிழில் பலவிதமாக எழுதுகிறார்கள், எனக்கு எதுவும் ஒட்டவில்லை. என்னிடம் வருபவர்களிடம் "கவனிப்பு" என்றுதான் சொல்வேன். மனதைக் காலியாக்குவது இல்லை, நல்லதையே நினைப்பதும் இல்லை. இப்போது உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறதோ அதைச் சண்டை போடாமல் பார்ப்பது, அவ்வளவுதான். வேர் பௌத்த தியானத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் கபாட் ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக மத அடையாளம் இல்லாத பயிற்சியாக இதை அமைத்தார். பிறகு ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள், மனச்சோர்வு வந்து குணமானவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க, சிந்தனை சார்ந்த சிகிச்சையையும் இதையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். உங்கள் உறவினர் சொல்கிற தெரபி பெரும்பாலும் இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழுவாக உட்கார வேண்டும், மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி.

அவர்கள் கண்டுபிடித்த விஷயத்தைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அசை போடுவது. மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வது போல, மனச்சோர்வு வந்தவர்கள் ஒரே எண்ணத்தை மென்றுகொண்டே இருப்பார்கள். "பாப்பா அழுதுச்சு, எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியலை, அம்மா தூக்கினதும் நிறுத்திடுச்சு, அதுக்கே என்னைப் பிடிக்கலை, நான் அம்மாவே இல்லை." இந்தச் சங்கிலி ஓடி முடிய பத்து வினாடி போதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பார்க்கப்போனால் யோசித்துத் தீர்வு தேடுகிற வேலையைத்தான் மனம் செய்கிறது. ஆனால் இது யோசித்துத் தீருகிற கணக்கு இல்லை, யோசிக்க யோசிக்க இறுகுகிற முடிச்சு. பயிற்சி இந்த இடத்தில்தான் நுழைகிறது. எண்ணம் பொய் என்று வாதாடச் சொல்வதில்லை. "நான் அம்மாவே இல்லை" என்பது நடந்த விஷயமா, மனதில் ஓடுகிற ஒரு வாக்கியமா என்று அடையாளம் காணப் பழக்குகிறது.

முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்போம். ஐந்து நிமிடம் அந்த ஒன்றைத்தான் சாப்பிட வேண்டும். முதலில் பார்ப்பது, விரலில் உருட்டுவது, சுருக்கத்தைத் தடவுவது, முகர்வது, நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருப்பது. சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் பலர் அப்போதுதான், "பிரசவம் ஆனதுக்கப்புறம் சாப்பாட்டோட ருசியே எனக்குத் தெரியலைங்க, அள்ளி வாயில போட்டுட்டு ஓடுறேன்" என்பார்கள்.

வகுப்பை விட நடு ராத்திரிதான் உண்மையான பரீட்சை. ஒரு பெண் சொன்னதை, அவர் யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை எழுந்துவிடும். வீடே தூங்கும். இவர் சுவரில் சாய்ந்து பால் கொடுப்பார். அந்த நேரத்தில்தான் "பால் பத்தலை, பிள்ளை இளைக்குது, நான் கொல்றேன்" என்ற எண்ணம் வரும். அதை விரட்டப் போனை எடுத்து எதையாவது தேடுவார், படிக்கப் படிக்கப் பயம் கூடும். நாங்கள் செய்தது சின்ன மாற்றம். போன் அடுத்த அறைக்குப் போனது. பால் கொடுக்கும்போது கவனத்தை மூன்று இடத்தில் வைக்கச் சொன்னேன்: முதுகு சுவரில் படுகிற இடம், குழந்தையின் குதிகால் தன் வயிற்றை அழுத்துகிற இடம், குழந்தை விழுங்குகிற சத்தம். கவனம் ஓடும், ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு ராத்திரியில் இருபது தடவை ஓடினால் இருபது தடவையும் திருப்புவதுதான் பயிற்சியே. மூன்றாவது வாரம் வந்து, "அந்த நினைப்பு வந்துச்சு மேடம். போகலை, அங்கேயேதான் இருந்துச்சு. ஆனா நான் அதுகூடப் போகலை. பாப்பா முழுங்குற சத்தம் கேட்டுச்சு, அப்போ பால் வருதுல்ல?" என்றார்.

அவர் அதே மாதங்களில் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் உங்களை ஏமாற்றியதாக ஆகும்.

இனி, இது உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிரசவம் சார்ந்த மனச்சோர்வில் எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது சோனா டிமிட்ஜியன், ஷெரில் குட்மன் குழுவினர் அமெரிக்காவில் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு. இதற்கு முன் மனச்சோர்வு வந்து மீண்ட 86 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வழக்கமான கவனிப்போடு விட்டார்கள், மற்றவர்களுக்குத் தாய்மார்களுக்கென்றே மாற்றியமைத்த 8 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். நீண்ட உட்கார்ந்த தியானத்தைக் குறைத்து, சின்னச் சின்னப் பயிற்சிகளையும் கர்ப்பிணிகளுக்கேற்ற யோகாவையும், தன் மேலும் குழந்தை மேலும் கனிவு வைக்கிற பயிற்சியையும் சேர்த்திருந்தார்கள். குழந்தை பிறந்து 6 மாதம் வரை பார்த்ததில், பயிற்சி எடுத்தவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த இடைவெளி லேசானதில்லை.

ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தப் பெண்கள் பயிற்சி தொடங்கும்போது நன்றாக இருந்தார்கள். வராமல் தடுப்பதற்கான ஆய்வு அது. உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. மனச்சோர்வின் நடுவில் இருக்கிற தாய்மார்களிடமும் இந்தப் பயிற்சி அறிகுறிகளைக் குறைத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. அவை சிறியவை, லேசான, நடுத்தரமான நிலையில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் அவற்றில் இருந்தார்கள். மழைக்கு முன் கூரையில் ஓடு மாற்றுவதும், ஒழுகும்போது ஏணி போட்டு ஏறுவதும் ஒன்றில்லை. தூக்கம் போய், பசி போய், கவனம் இரண்டு நிமிடம் நிற்காத பெண்ணை உட்கார வைத்து மூச்சைப் பார் என்றால் அவளுக்குத் தெரிவதெல்லாம் தன்னால் அதுவும் முடியவில்லை என்பதுதான். "தியானம்கூட எனக்கு வரலை" என்று இன்னொரு தோல்வியைக் கையில் கொடுத்து அனுப்புவோம். இந்தத் தவறை ஆரம்ப காலத்தில் நானே செய்திருக்கிறேன். வகுப்பில் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த ஒருவரை "தொடர்ந்து செய்யுங்க, வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை. அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் என் வரிசை இது. முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வந்திருந்தாலும் இதே போல இருக்கும், இதே போல அழுகை வரும். டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அடுத்து மாத்திரை. தாய்ப்பால் கொடுக்கிற பெண்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக முதலில் யோசிப்பது செர்ட்ரலின் போன்ற மருந்துகள்தான், ஏனென்றால் பாலில் அது இறங்குகிற அளவு மிகக் குறைவு. உங்கள் தங்கைக்கு எழுதியது எந்த மருந்து என்பதைச் சீட்டில் பாருங்கள், அம்மாவின் பயத்தை அம்மாவின் வாயாலேயே டாக்டரிடம் கேட்க வையுங்கள். பால் கொடுக்கிற பெண் என்று தெரிந்து எழுதியதா என்ற அந்த ஒரு கேள்விக்கு டாக்டரிடமிருந்து நேராகப் பதில் வந்தால் அம்மா பாதி அடங்கிவிடுவார். மாத்திரை போட்டதும் மறுநாள் மாற்றம் தெரியாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நாமாகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது.

மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றாலும், நிலைமை லேசாக இருந்தாலும், பேச்சு வழிச் சிகிச்சைகள் இருக்கின்றன, அவற்றுக்கு மைண்ட்ஃபுல்னெஸை விட நீண்ட ஆதாரம் இருக்கிறது. எண்ணங்களையும் செயல்களையும் மாற்றுகிற முறை ஒன்று, உறவுச் சிக்கல்களை எடுத்துப் பேசுகிற முறை இன்னொன்று. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்து 2008-ல் வந்த ஆய்வை எல்லாரிடமும் சொல்வேன். மனநலப் படிப்பே இல்லாத கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறிது காலம் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பேச வைத்தார்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்து 6 மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு தொடர்ந்தது, கிடைக்காதவர்களில் 53 சதவீதம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மாமியாரையும் சேர்த்து வைத்துப் பேசிய பேச்சுக்கு இவ்வளவு பலன்.

அந்த வேலூர் பட்டியலுக்கு இப்போது திரும்புகிறேன். மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகளில் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற சொல் அடிக்கடி வரும். அது மனதில் எழுகிற உணர்வோடு மல்லுக்கு நிற்காமல் இருப்பதைப் பற்றியது. ஆனால் நம் வீடுகளில் அது வேறாகக் காதில் விழுகிறது. பெண் குழந்தையா என்று முகம் சுளித்துப் போன உறவினரை ஏற்றுக்கொள், தூளியை ஆட்டக்கூட எழுந்து வராத கணவனை ஏற்றுக்கொள், அடியை ஏற்றுக்கொள் என்று. இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் மாற வேண்டியதை மாற்றாமல், அதைத் தாங்கிக்கொள்ள அவளை மட்டும் பழக்குவது சிகிச்சை இல்லை. உங்கள் தங்கையை யாராவது பேச்சால் குத்துகிறார்களா, புகுந்த வீட்டில் என்ன சொல்கிறார்கள், மாப்பிள்ளை வந்து பார்க்கிறாரா, குழந்தையைத் தூக்குகிறாரா என்று விசாரியுங்கள். "பால் பத்தலையா, புட்டிப்பால் குடு" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வதை நிறுத்த வாசலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

அடுத்தது தூக்கம். மனச்சோர்வில் இருக்கிற பெண்ணுக்கு ராத்திரியில் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் மருந்துக்குச் சமம். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் தனி அறையில் படுக்கட்டும். நடுவில் குழந்தை எழுந்தால், எடுத்து வைத்த தாய்ப்பாலை நீங்களோ அம்மாவோ பாலாடையில் கொடுங்கள். முடிந்த நாளில் எல்லாம் இதைச் செய்யுங்கள். பச்சை உடம்புக்காரி என்று பத்தியத்தையும் லேகியத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற வீடுகளில், தூக்கத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வகுப்பில் சேர்க்கலாமா என்றால், மாத்திரை தொடங்கி, கொஞ்சம் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் நடத்துகிறவரிடம் பேசுங்கள். அவர் மனநலத் துறையில் படித்தவரா, பிரசவித்த பெண்களோடு வேலை செய்திருக்கிறாரா, சேரும் முன் தனியாக உட்கார்ந்து நிலைமையைக் கேட்கிறாரா, நடுவில் மோசமானால் யாரிடம் அனுப்புவார். "எங்க வகுப்புக்கு வந்தா மாத்திரையை நிறுத்திடலாம்" என்று சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள். பத்து நாள் பேசாமல் இருக்கிற தியான முகாம் இருக்கிறதே, அது வேறு, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கானது. இப்போது அதற்கு அனுப்பிவிடாதீர்கள்.

உடம்பைத் தலை முதல் கால் வரை கவனிக்கிற பயிற்சியில் ஒரு சிக்கலும் உண்டு. ஆபரேஷன் தழும்பு இருக்கிற அடிவயிற்றுக்குக் கவனம் போகும்போது சிலருக்குப் பிரசவ அறையே திரும்ப வந்துவிடும். மூச்சு அடைக்கும், வியர்க்கும். பிரசவம் பயங்கரமாக நடந்திருந்தால், சின்ன வயதில் ஏதாவது கொடுமை நடந்திருந்தால், இது நடக்க வாய்ப்பு அதிகம். அப்போது "விடாம செய்" என்று சொல்லக் கூடாது. கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரிகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை வயிற்றை விட்டுவிட்டுக் கையிலும் காலிலும் மட்டும் கவனம் வைத்தால் போதும். ஆசிரியரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று இந்த முறையிலேயே இருக்கிறது. முதல் நிமிடம், இப்போது என்ன எண்ணம், என்ன உணர்வு, உடம்பில் எங்கே இறுக்கம் என்று பார்ப்பது. அடுத்த நிமிடம் மூச்சு வயிற்றில் ஏறி இறங்குவதைப் பார்ப்பது. மூன்றாவது நிமிடம் கவனத்தை முழு உடம்புக்கும் விரிப்பது. இதுகூட வேண்டாம் என்று தோன்றினால், காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவள் பக்கத்தில் உட்காரட்டும். காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் கிடத்துவது அம்மாவாகவே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவள். சொம்பின் சூடு, எண்ணெய் வழுக்கல், குழந்தை விரலை விரிப்பது, துவட்டியதும் வருகிற சாம்பிராணி வாசனை. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "ரசிச்சியா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். சந்தோஷம் வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்றால் தோன்றவில்லை என்பதைக் கவனித்தாலே பயிற்சி நடந்துவிட்டது.

குழந்தை மேல் பாசம் வரவில்லை என்று அவள் சொல்லக்கூடும். அது நோயின் அறிகுறி, அவளுடைய குணம் இல்லை. நோய் விலகும்போது பெரும்பாலும் பாசம் தானாக வருகிறது. இதை அவளிடம் ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

பின்னால் இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கும்போது இந்தப் பேச்சை மறந்துவிடாதீர்கள். ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். டிமிட்ஜியன் ஆய்வில் பலன் கிடைத்தது அப்படிப்பட்ட பெண்களுக்குத்தான். கர்ப்பமான உடனேயே, வயிறு இன்னும் பெரிதாகாத மாதங்களில், அவள் இந்த 8 வாரப் பயிற்சியை முழுதாக எடுக்க வேண்டும். அப்போது நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 1987-ல் உருவான 10 கேள்வித் தாள் இருக்கிறது, கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள், உங்கள் டாக்டரிடமோ மனநலப் பிரிவிலோ கேட்டால் கிடைக்கும். மொத்த மதிப்பெண் 30. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, அதில் மட்டும் ஒரு மதிப்பெண் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்குகிற அன்றைக்கு அவளே அதை நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் எட்டிப் பார்க்க வேண்டாம். எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 6 வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் அப்போது வகுப்பில் பெயர் கொடுக்கலாம். இறங்கவில்லை என்றால் இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் சொல்வார்.